பதினாலு பாட்டில்

வேலூர்
8.1.1982

மேஸ்திரி லோகநாதன் அவர்களுக்கு,

வணக்கம். என்னை நினைவிருக்கும் என்று நம்புகிறேன். 1976 தொடங்கி நான்கு வருஷம், செவ்வாய்க்கிழமைதோறும் ஆம்பூர் ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து உங்கள் ஊர்க்காரர்களின் சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டர் ஆக்னஸ் நான்தான். "மூத்திர சிஸ்டர்" என்று உங்கள் ஆட்கள் எனக்குப் பேர் வைத்திருந்ததும் எனக்குத் தெரியும். இப்போது முட்டிவலியால் வெளிவேலை இல்லை. வேலூரில் எங்கள் ஆராய்ச்சிப் பிரிவின் பதிவு அறையில் அட்டைகளைப் பார்த்துக்கொள்கிறேன்.

யாருக்குச் சிறுநீரில் உப்போ சர்க்கரையோ இறங்குகிறது, பத்து வருஷத்தில் அவர்களுக்கு என்ன ஆகிறது, மாத்திரை கொடுத்தால் அது மாறுகிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. முதல் சுற்றில் உப்பு இருந்தவர்களை மட்டும் தனியாக அழைத்துப் பிரஷர் பார்த்தோம், ரத்தம் எடுத்தோம், மாத்திரை கொடுத்தோம். சுத்தமாக இருந்தவர்களைத் தொந்தரவு செய்யவில்லை.

உங்கள் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலையில் இருந்த கன்னியப்பன் போன நவம்பரில் இறந்துவிட்டார் என்று தெரியவந்தது. இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போயிருந்தன என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கிறது. வயது முப்பத்தைந்து. எங்கள் 1976 அட்டையிலோ உப்பு இல்லை, சர்க்கரை இல்லை என்று இருக்கிறது. எழுதியது நான். எங்கள் டாக்டர் ஏசுராஜ் அந்த அட்டையில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

இத்துடன் ஒரு கேள்வித்தாள் அனுப்பியிருக்கிறேன். அவர் மனைவி சந்திராவிடம் கேட்டு நிரப்பி அனுப்பினால் உதவியாக இருக்கும். கால் வீக்கம் எப்போது தொடங்கியது, முகம் ஊதியதா, இதற்கு முன் யாரிடமாவது காட்டினாரா, இவ்வளவுதான்.

இரண்டாம் சுற்று ஏப்ரலில் ஆரம்பிக்கிறது. முதல் சுற்றில் சுண்ணாம்புத் தொட்டி ஆட்கள் பதினாலு பேருக்கும் சுத்தமாக இருந்ததால் உங்கள் பிரிவை இந்தமுறை விட்டுவிட்டார்கள். பட்டியல் மார்ச் 31 அன்று முடிவாகிவிடும். தகவலுக்காகச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஆக்னஸ்


ஆம்பூர்
17.1.1982

சிஸ்டர் அவர்களுக்கு லோகநாதன் எழுதியது.

பொங்கல் முடிந்து ஷாப்புக்குப் போன அன்று உங்கள் கடிதம் கைக்கு வந்தது. உங்களை மறக்க முடியுமா. தோளில் ஒரு பை, கையில் குடை, பை நிறையப் பாட்டில் சத்தம். அந்தப் பேரை வைத்தது நானில்லை. ஆனால் சிரித்தவர்களில் நானும் ஒருவன்தான், பொய் சொல்வானேன்.

கேள்வித்தாளை நானே நிரப்பி வைத்திருக்கிறேன். சந்திராவைக் கேட்கவில்லை. புருஷன் போய் இரண்டு மாசம்தான் ஆகிறது. இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கப் போகிறது. அதைப் போய் முகம் ஊதியதா, கால் ஊதியதா என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. எனக்குத் தெரிந்து போன தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால்தான் வீக்கம். அதற்கு முன் ஒன்றும் கிடையாது. ஆள் நன்றாகத்தான் இருந்தான்.

சுண்ணாம்பிலும் சல்பைடிலும் முழங்கால்வரை நிற்கிறவனுக்கு எதனால் என்ன வருகிறது என்று யார் கண்டார்கள். அவன் விதி அவ்வளவுதான். உங்கள் டாக்டர் போட்ட கேள்விக்குறியை ரப்பர் வைத்து அழித்துவிடச் சொல்லுங்கள்.

இரண்டாம் சுற்றில் எங்களை விட்டதும் நல்லதாகப் போயிற்று. நீங்கள் வந்தால் எங்களுக்கு அரைநாள் வேலை பேஜார். பசங்களிடம் சொன்னேன், சந்தோஷப்பட்டார்கள்.

முட்டிவலிக்கு நல்லெண்ணெய் தேய்த்துப் பாருங்கள்.

லோகநாதன்


வேலூர்
29.1.1982

மேஸ்திரி அவர்களுக்கு,

கேள்வித்தாள் வந்தது. நன்றி. எண்ணெய்க்கும் நன்றி.

கன்னியப்பனின் அட்டையை மட்டும் பார்த்தால் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அதனால் சுண்ணாம்புத் தொட்டி அட்டைகள் பதினாலையும் எடுத்து மேஜையில் வரிசையாகப் பரப்பினேன். அந்தப் பதினாலில் உங்களுடையதும் ஒன்று.

சிறுநீர் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று அளக்க எங்களிடம் ஒரு கண்ணாடி மிதவை உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெயிலில் வேர்வை சிந்தி வேலை செய்கிறவருக்கு அது 1020க்கு மேலேதான் காட்டும். பச்சைத் தண்ணீர் என்றால் 1000. உங்கள் ஷாப்பில் தோல் உலர்த்துகிற களத்து ஆட்களுக்கு 1022, 1025, 1023 என்று ஆளுக்கு ஒன்றாக இருக்கிறது. அதே நாள், அதே ஏப்ரல் வெயில். சுண்ணாம்புத் தொட்டியில் பதினாலு பேருக்கும் 1004.

பதினாலு பேருக்கும் ஒரே எண் வராது மேஸ்திரி. ஒரே வீட்டில் ஒரே பானைத் தண்ணீர் குடிக்கிற அண்ணன் தம்பிக்குக்கூட வராது.

அன்றைக்கு வேலை மும்முரத்தில் நான் இதைக் கவனிக்கவில்லை. இப்போதுதான் கண்ணில் படுகிறது. நேராகக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பதினாலு பாட்டிலும் பதினாலு பேருடையதுதானா?

ஆக்னஸ்


ஆம்பூர்
10.2.1982

சிஸ்டருக்கு,

நேராகக் கேட்டீர்கள். நேராகவே சொல்கிறேன். பதினாலும் என்னுடையது.

ஏன் என்று கேட்பீர்கள். அதற்கு முந்தின வருஷம் எங்கள் தொட்டியில் ஆதிகேசவன் என்று ஒருவன் இருந்தான். வேலூர் ஆஸ்பத்திரியில் போய்க் காட்டினான். டி.பி. என்று சீட்டு வந்தது, மறுவாரம் வேலை போய் ஷாப் கேட்டுக்கு வெளியே நின்றான். அவன் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விரிஞ்சிபுரத்துக்கு மாமனார் வீட்டோடு போய்ச் சேர்ந்தான். அதைப் பார்த்த பசங்க, நீங்கள் பாட்டிலோடு வருகிறீர்கள் என்றதும் நடுங்கிவிட்டார்கள். "மேஸ்திரி, சர்க்கரை இருந்தா அனுப்பிடுவாங்களாமே, இன்னா பண்றது" என்று என்னைச் சுற்றி நின்றார்கள். எனக்கு அதுவரை ஒரு தலைவலி வந்ததில்லை. "என்ன மாதிரி ஆள் நான் இருக்கும்போது உங்களுக்கு இன்னாடா பயம்" என்றேன். காலையிலிருந்து ஒரு பானைத் தண்ணீரையும் நானே குடித்தேன். தொட்டிக்குப் பின்னால் போய்ப் போய் நிரப்பினேன். பசங்க வரிசையில் நின்று பாட்டிலை நீட்டினார்கள். சிரிப்பு தாங்கவில்லை. அன்றைக்கு நான் பெரிய வள்ளல்.

இவ்வளவும் சொல்லிவிட்டேன். இப்போது நான் ஒன்று கேட்கிறேன். கவனிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருவன் கொடுத்த கையோடு வாங்கினால் பாட்டில் வெதுவெதுப்பாக இருக்கும். அது எனக்கே தெரியும்போது உங்களுக்குத் தெரியாதா. நான் கொடுத்த பதினாலில் பாதி ஆறிப்போயிருந்தது. நீங்கள் ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி ஒட்டுத்தாளில் நம்பர் எழுதினீர்கள். ஏழாவது பாட்டிலை வாங்கும்போது என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். நான் பார்வையை மாற்றிக்கொண்டேன். நீங்களும் எட்டாவதை வாங்கினீர்கள்.

அதனால் சிஸ்டர், இதை இத்தோடு விடுங்கள். அவன் போய்விட்டான், திரும்பி வரப்போவதில்லை. நோண்டினால் எனக்கு மட்டும் சங்கடமில்லை. யாராவது வந்து கேட்டால் சிஸ்டர்தான் இப்படிச் செய்யச் சொன்னார் என்று பதின்மூன்று பேரும் சொல்வோம். அப்படிச் சொல்ல வைக்காதீர்கள்.

லோகநாதன்


வேலூர்
2.3.1982

மேஸ்திரி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்கு மூன்று வாரமாகப் பதில் எழுதவில்லை. முதல் வாரம் கோபத்தால். மற்ற இரண்டு வாரமும் வெட்கத்தால்.

ஏழாவது பாட்டில்தான். நீங்கள் சொன்னது சரி. சாயங்காலம் அறையில் உட்கார்ந்து மிதவையை விட்டபோது சந்தேகமும் தீர்ந்துபோயிற்று. பதினாலையும் கொட்டிவிட்டு மறுநாள் திரும்ப வந்திருக்க வேண்டும். அப்போது நான் தற்காலிக ஊழியர். முதல் சுற்றில் விடுபட்டவர்கள் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகாமல் முடித்தால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். உங்கள் பதினாலையும் விட்டால் என் கணக்கு ஐந்தைத் தாண்டும். 1004 என்று பதினாலு தடவை எழுதினேன்.

இதோடு முடிந்திருந்தால் உங்கள் சொல்படி விட்டிருப்பேனோ என்னவோ. முடியவில்லை. உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது.

1978 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது கன்னியப்பன் அறைக்கு வந்தார். வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினார். விரலால் அழுத்தினேன், பள்ளம் விழுந்தது. "சிஸ்டர், என் கார்டுல இன்னா இருக்குதுன்னு பாத்து சொல்றீங்களா" என்றார். எடுத்துப் பார்த்தேன். சுத்தம் என்று இருந்தது. அது அவருடையது இல்லை என்று எனக்குத் தெரியும். ஸ்பிரிட் விளக்கு இன்னும் சூடாகத்தான் இருந்தது. ஒரு பாட்டிலைக் கொடுத்து வாங்கிக் காய்ச்சியிருந்தால் ஐந்து நிமிஷம். உப்பு இருந்தால் தயிர்போல் திரிந்திருக்கும். இரண்டு வருஷத்தில் புதிதாக வந்தது என்று எழுதியிருக்கலாம், யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு அட்டையைத் திறந்தால் பதினாலும் திறந்துகொள்ளும் என்று பயந்தேன். காட்பாடி பாசஞ்சருக்கும் நேரமாகியிருந்தது. "உங்களுக்கு ஒன்றுமில்லை, நாள் முழுக்க நிற்கிறீர்கள், அதுதான்" என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இதை நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

நீங்கள் பயந்தது ஒன்று, நடந்தது வேறு. நாங்கள் எந்த ஷாப்புக்கும் யார் பேரையும் கொடுத்ததில்லை. கொடுக்க மாட்டோம் என்று நீங்கள் கைநாட்டும் கையெழுத்தும் போட்ட தாளில் முதல் வரியிலேயே இருக்கிறது. அது இங்கிலீஷில் இருந்தது. அதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்வது என் வேலை. பாட்டிலை எண்ணுகிற அவசரத்தில் நான் சொல்லவில்லை.

உயிரோடு இருக்கிற பதின்மூன்று பேரில் யாருக்கு என்ன இருக்கிறது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மார்ச் 31க்குப் பிறகு இன்னும் ஐந்து வருஷம் எங்கள் ஆட்கள் யாரும் உங்கள் கேட்டுப் பக்கம் வரமாட்டார்கள். நான் டாக்டர் ஏசுராஜுக்கு எல்லாவற்றையும் எழுதித் தரப்போகிறேன். நீங்கள் என்மேல் பழி சொன்னாலும் பரவாயில்லை, அதில் பாதி உண்மைதான். ஆனால் உங்கள் ஆட்கள் தங்கள் பாட்டிலைத் தாங்களே கொடுக்காவிட்டால் நான் எழுதி ஒரு பயனும் இல்லை. அவர்கள் உங்கள் சொல்லைத்தான் கேட்பார்கள்.

ஆக்னஸ்


ஆம்பூர்
14.3.1982

சிஸ்டருக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிப்பது வழக்கம். இந்தமுறை கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாலு நாள் திரிந்தேன். நீங்கள் 1978ஐச் சொன்ன பிறகு நான் மட்டும் மூடி வைத்திருப்பது சரியில்லை. போன கடிதத்தில் வள்ளல் என்று எழுதினேன் அல்லவா. அந்தக் காலையில் நடந்ததில் பாதியைத்தான் எழுதினேன்.

எல்லாரும் பாட்டிலை நீட்டினார்கள், கன்னியப்பன் நீட்டவில்லை. தனியாக வந்து என் காதோரம் சொன்னான். "மேஸ்திரி, எனக்கு ஆறு மாசமா நுரை நுரையா போவுது. சோப்புத் தண்ணி மாதிரி. நான் மட்டும் என்னோடதயே குடுத்துடறேனே. இன்னான்னு தெரிஞ்சிக்கலாம்ல." நான் இன்னா சொன்னேன் தெரியுமா. "டேய், உன்னோடது மட்டும் வேறயா இருந்தா எல்லாரும் மாட்டிக்குவோம். உன்னோடததான் மொதல்ல மறைக்கணும்" என்று சொல்லி அவன் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கினேன். பதினாலில் முதலில் நிரப்பியது அவனுடைய பாட்டிலைத்தான்.

தெரியாமல் செய்தேன் என்று ஆறு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரிந்துதான் செய்தேன். பயப்படாதவன் ஒருத்தன் இருந்தான், அவனையும் பயப்படுத்தினேன். தீபாவளிக்கு முன்னால்தான் வீக்கம் என்று உங்கள் தாளில் எழுதியதும் பொய். இரண்டு வருஷமாக அவன் செருப்பு போட முடியாமல் வெறும் காலோடு வந்ததை நான் தினமும் பார்த்தேன்.

முந்தாநாள் ஷாப்பில் கணக்கு எழுதுகிற ரைட்டர் அப்துல் வஹாப் பாயிடம் போனேன். ஆதிகேசவனுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சீட்டைக் காட்டுங்கள் பாய் என்று கேட்டேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். "எந்த சீட்டு லோகு? ஒரு சீட்டும் வரல. அவன் தொட்டி ஓரமா ரத்தமா துப்பினான், மொதலாளி கண்ணால பாத்துட்டாரு. அதோட நிறுத்திட்டாங்க." இதைக் கேட்க எனக்கு ஆறு வருஷம் ஆயிருக்கிறது. அவர் அறை எங்கள் தொட்டியிலிருந்து நாற்பது தப்படி.

எங்கள் ரத்தினசாமிக்குக் காலையில் முகம் உப்பிக் கண் சிறுத்துப்போகிறது. தூக்கம் ஜாஸ்தி என்று கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தோம். உங்கள் கடிதத்துக்கு அப்புறம் எனக்குக் கிண்டல் வரவில்லை. பன்னிரண்டு பேரையும் உட்காரவைத்து நுரை விஷயம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரத்தினசாமி மட்டும், "அன்னிக்கி நாங்களும்தான சிரிச்சோம் மேஸ்திரி" என்றான்.

உங்கள் டாக்டருக்கு எழுதுங்கள். என் பேரையும் எழுதுங்கள். ஆளை அனுப்புங்கள், ஆளுக்கு ஒரு பாட்டில், அந்த ஆள் எதிரிலேயே நிரப்பித் தருகிறோம். பழி சொல்வோம் என்று எழுதியதை மன்னித்துவிடுங்கள்.

லோகநாதன்


வேலூர்
6.4.1982

மேஸ்திரி அவர்களுக்கு,

ஜெபகனி என்று ஒரு புதுப் பெண் வந்து பதின்மூன்று பாட்டிலையும் வாங்கிக்கொண்டு வந்தாள். உங்கள் ஆட்கள் ஒருவர்கூட மறுக்கவில்லை என்று சொன்னாள். பதின்மூன்றும் பதின்மூன்று விதமாக இருந்தன. அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

முடிவு இது. ஏழு பேருக்கு ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்குச் சர்க்கரை இருக்கிறது, ஆரம்பம்தான், சாப்பாட்டிலும் மாத்திரையிலும் அடக்கிவிடலாம். மூன்று பேருக்கு உப்பு இருக்கிறது. அதில் ரத்தினசாமிக்கு மிக அதிகம், பிரஷர் இருநூற்றுக்குப் போயிருக்கிறது. அவரை நாளைக்கே வேலூருக்கு அனுப்புங்கள், படுக்கைக்குச் சொல்லிவிட்டேன். மூன்று பேரும் பட்டியலில் சேர்ந்துவிட்டார்கள். ஷாப்புக்கு யார் பேரும் போகாது, இதை இப்போது தமிழில் எழுதித் தருகிறேன்.

மீதி ஒருவர் நீங்கள். ஐம்பத்திரண்டு வயதில் உங்களுடையது படு சுத்தம். ஏழோடு சேர்த்து எட்டு என்று எழுதியிருக்கலாம். உங்களுக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தனியாக வைத்தேன்.

டாக்டரிடம் நான் எழுதிக்கொடுத்த தாளை அவர் என் எதிரிலேயே இரண்டு முறை படித்தார். கத்துவார் என்று நினைத்தேன். "இன்னும் எத்தனை அட்டை சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டார். வேறு இல்லை டாக்டர் என்றேன். தலையை ஆட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. ஏன் நம்ப வேண்டும்? நான் நாலு வருஷத்தில் எழுதிய இரண்டாயிரத்துச் சொச்சம் அட்டைகளையும் தனியாகக் கட்டி வைத்துவிட்டார்கள். ஜெபகனிதான் ஒவ்வொரு வீடாகத் திரும்பப் போகிறாள். போகிற இடமெல்லாம், முன்னால் வந்த சிஸ்டர் சரியாகப் பார்க்கவில்லையா என்று அவளைக் கேட்கிறார்களாம். அவள் என்னிடம் அதைச் சொல்லவில்லை, அடுத்த மேஜையில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த மாசக் கடைசியோடு என்னைப் பதிவு அறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வார்டில் துணி எண்ணுகிற வேலை. அது போதும்.

சந்திராவிடம் யாராவது சொல்ல வேண்டும். நீங்களா, நானா?

ஆக்னஸ்


ஆம்பூர்
20.4.1982

சிஸ்டருக்கு,

ரத்தினசாமி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவிட்டான். முகம் வற்றிவிட்டது. உப்பில்லாத சோறு தின்னச் சொல்லிவிட்டீர்களாம், அதற்காக உங்களைத் திட்டுகிறான். திட்டட்டும், ஆள் இருக்கிறான்.

உங்கள் கேள்விக்குப் பதிலாக நானே போனேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சந்திரா வீட்டில் இருக்கிற நேரம் பார்த்து. என் பாட்டில் சுத்தம் என்று நீங்கள் எழுதியதுதான் என்னைப் போகவைத்தது. எனக்கும் ஏதாவது இருந்திருந்தால் சரிக்குச் சரி என்று மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். அந்த ஆறுதலும் இல்லாமல் நல்ல உடம்போடு அந்த வீட்டு வாசல்படி ஏறினேன்.

பாயை விரித்து உட்காரச் சொன்னது. நான் நின்றபடியே ஆரம்பித்தேன். பாட்டில் விஷயத்தைத் தொடங்கியதும் சந்திரா சிரித்தது. "எனக்குத் தெரியுமேண்ணே. அன்னிக்கி சாயந்தரமே வந்து சொன்னாரு. மேஸ்திரி மட்டும் இல்லன்னா என் வேலை போயிருக்கும், காப்பாத்திட்டாருன்னு." அந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் இவர்கள் வீட்டிலிருந்து என் வீட்டுக்குத் தட்டில் வைத்துப் பொங்கல் வரும். மேஸ்திரிக்கு மரியாதை என்று நினைத்து வாங்கித் தின்றேன். எதற்காக வந்தது என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது சிஸ்டர்.

அதோடு விட்டதா. "ஆஸ்பத்திரில படுத்தப்ப டாக்டரு கேட்டாருண்ணே, இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் சோதனை பண்ணாங்களான்னு. இல்லவே இல்லன்னுட்டாரு. அப்பால என்கிட்ட சொன்னாரு, மேஸ்திரி பேரு அடிபட்டுடும், நீ வாயத் தொறக்காதன்னு. நானும் யார்கிட்டயும் சொல்லல." சாகக் கிடந்தவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் அவனுக்கு நல்லது செய்ததாகவே நம்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தான்.

அப்புறம் அந்தப் பாயில் உட்கார்ந்துவிட்டேன். நுரையைச் சொன்னேன், அவன் தன்னுடையதைக் கொடுக்கிறேன் என்று கேட்டதைச் சொன்னேன், நான் பாட்டிலைப் பிடுங்கியதைச் சொன்னேன். அதை அவன் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. சந்திரா சிரிப்பை நிறுத்திவிட்டது. நான் அழுதேன். அது அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டது. "அப்ப, அன்னிக்கி அவரு குடுத்திருந்தா பொழச்சிருப்பாராண்ணே?"

சிஸ்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். நீங்கள் எழுதுங்கள். ஆறுதலாக எழுத வேண்டாம். உள்ளதை எழுதுங்கள்.

லோகநாதன்


வேலூர்
24.4.1982

மேஸ்திரி அவர்களுக்கு,

சந்திரா கேட்டதற்கு உள்ள பதில் இது.

1976இல் இதே ஆம்பூரில், மற்ற ஷாப்புகளிலும் தெருக்களிலும், கன்னியப்பனுக்கு ஏறத்தாழ அதே வயதில் உப்பு கண்டுபிடிக்கப்பட்ட ஆண்கள் பதினொரு பேர். இவர்களை டாக்டரே திரும்பச் சோதித்து உறுதி செய்தார், அதனால் என் கை பட்ட கணக்கு என்று நீங்கள் சந்தேகப்பட வேண்டாம். பதினொரு பேரும் பிரஷர் மாத்திரை சாப்பிட்டார்கள், உப்பைக் குறைத்தார்கள். ஆறு வருஷத்தில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். ஒருவர் படுத்த படுக்கையாக இருக்கிறார். எட்டுப் பேர் இன்றைக்குக் காலையில் வேலைக்குப் போயிருப்பார்கள்.

அவர் அந்த எட்டில் ஒருவராக இருந்திருப்பாரா, அந்த மூன்றில் ஒருவராகவா என்று யாராலும் சொல்ல முடியாது. இது டாக்டரைக் கேட்டாலும் கிடைக்காத பதில். ஆனால் பதினொன்றில் எட்டு என்பதை மறைத்துவிட்டு, விதி என்று சொல்லவும் நம் இரண்டு பேருக்கும் உரிமை இல்லை.

இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். உங்கள் பங்கை நீங்கள் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டீர்கள். 1978இல் அவர் காலைத் தூக்கிக் காட்டியதும், நான் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பியதும் அவளுக்கு இன்னும் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது நான். இந்த எண்களைச் சொல்ல வேண்டியதும் நான்தான்.

நாளை ஞாயிறு. இந்தக் கடிதம் அதற்குள் வந்து சேராது. அதனால் அடுத்த ஞாயிறு, மே இரண்டாம் தேதி, காலைப் பூசை முடிந்ததும் காட்பாடியில் ரயில் ஏறி வருகிறேன். நான் வருவதை அவளிடம் முன்கூட்டிச் சொல்லுங்கள், வர வேண்டாம் என்றால் வாசலோடு திரும்பிவிடுகிறேன்.

நீங்கள் உள்ளே வர வேண்டியதில்லை. ஸ்டேஷனுக்கு வந்து வீட்டை மட்டும் காட்டினால் போதும். நாலு வருஷம் உங்கள் ஊரில் பாட்டில் வாங்கியிருக்கிறேன். கன்னியப்பன் வீடு எது என்று எனக்குத் தெரியாது.

ஆக்னஸ்